முட்டை விலையும் கோழிக் கணக்கும்

முட்டை விலை நாமக்கல்லில் ஒரு குழு கூடி முடிவெடுக்கும் விலை. அந்தக் குழு நினைத்தால் ஏற்றும், நினைத்தால் இறக்கும். ஏற்றும்போது பண்ணையாளருக்குக் கொள்ளை லாபம், வாங்குபவருக்கு நட்டம். பூந்தமல்லி–ஆவடி சாலையில் உள்ள பாரிவாக்கத்தின் மளிகைக் கடையிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை நிலவும் கருத்து இதுதான். முட்டை ஆறு ரூபாயைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் இது புதிதாக உயிர் பெறுகிறது. விலை வீழ்ந்து பண்ணைகள் தள்ளாடும் மாதங்களில் யாரும் இதைப் பேசுவதில்லை. கருத்து பெரும்பாலும் தவறு. அதில் உண்மையாக உள்ள சிறு பகுதியும் தவறான இடத்தை நோக்கி விரலை நீட்டுகிறது.

குழு என்று சொல்லப்படுவது தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு. நாளிதழ் வாசகர்களுக்கு என்.இ.சி.சி. என்றால் விளங்கும். வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனர் பி.வி. ராவ் முன்னின்று 1982-இல் இதைத் தொடங்கினார். அதற்கு முன் விலை சொல்லும் உரிமை பெருநகர மொத்த வியாபாரிகளிடம் இருந்தது. முட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, என்ன விலைக்குப் போனது என்ற தகவலுக்காகப் பண்ணையாளர் காத்திருந்த காலம் அது. என் முட்டை, என் விலை, என் வாழ்க்கை என்பதே ராவ் பண்ணையாளர்களிடையே பரப்பிய முழக்கம். வியாபாரி சொன்ன விலைக்கு மாற்றாகப் பண்ணையாளர் தரப்பிலிருந்து ஒரு விலை தினமும் வெளிவர வேண்டும் என்பதற்காகவே அமைப்பு உருவானது. நாமக்கல், ஹோஸ்பேட், ஹைதராபாத், விஜயவாடா, சித்தூர், பர்வாலா, அஜ்மீர் என்று மண்டலந்தோறும் தனி விலை அறிவிக்கப்படுகிறது. சென்னைக்கும் தனி விலை உண்டு. லாரி வாடகை, உடைசல், மொத்த வியாபாரியின் பங்கு ஆகியவை சேர்வதால் அது வழக்கமாக நாமக்கல் விலையைவிடக் கூடுதலாக இருக்கும்.

அறிவிக்கப்படும் விலை ஆலோசனை விலைதான். அதற்குக் குறைவாக விற்ற பண்ணையாளரையோ கூடுதலாகக் கொடுத்த வியாபாரியையோ தண்டிக்க எந்தச் சட்டமும் இல்லை. பண்ணைகளில் எத்தனை நாள் முட்டை தேங்கியுள்ளது, கேரளத்துக்கு லாரிகள் எப்படிப் போகின்றன, ஹோஸ்பேட்டிலும் ஹைதராபாத்திலும் என்ன விலை என்பதையெல்லாம் விசாரித்தே நாமக்கல் விலை சொல்லப்படுகிறது. சென்னையில் நகை வியாபாரிகள் காலையில் தங்க விலையை அறிவிக்கிறார்கள். உலகத் தங்க விலையை அவர்கள்தான் ஏற்றி இறக்குகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. முட்டை என்று வரும்போது மட்டும் அறிவிப்பவரே ஆக்குபவராகிவிடுகிறார்.

குழுவின் கையில் அப்படி ஒரு அதிகாரம் இருந்திருந்தால் 2020 மார்ச்சில் நடந்தது நடந்திருக்காது. கோழியிலிருந்து கொரோனா பரவுகிறது என்ற வதந்தி பரவியது. கறிக்கோழியும் முட்டையும் விலை இழந்தன. நாமக்கல் பண்ணை விலை ஏறத்தாழ 2 ரூபாய்க்கு இறங்கியது. தீவனச் செலவுக்கே அது கட்டவில்லை. பல்லடத்தில் கறிக்கோழிக்கு விலை அறிவிக்கும் பிராய்லர் ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அதே கதிதான். விலையைத் தம் விருப்பப்படி வைக்க முடிந்தவர்கள் தம் தொழிலையே அழிக்கும் விலையை ஏன் அறிவித்தார்கள்? சந்தையில் வாங்க ஆளில்லாதபோது அறிவிப்பில் 4 ரூபாய் என்று எழுதிவைத்தால், அந்த விலைக்கு முட்டை பண்ணை அறையிலேயே கிடக்கும்.

அப்படிக் கிடக்கவும் முடியாது. இங்கேதான் முட்டைத் தொழிலின் இயல்பு மற்றத் தொழில்களிலிருந்து வேறுபடுகிறது. விசைத்தறிக்காரர் நூல் விலை ஏறினால் தறியை நிறுத்தலாம். சிமென்ட் ஆலை ஒரு சூளையை அணைக்கலாம். கோழி நிறுத்தாது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். தீவனமும் தண்ணீரும் வெளிச்சமும் கிடைக்கும்வரை சந்தை நிலவரம் பாராமல் அது இட்டுக்கொண்டே இருக்கும். நாமக்கல் முட்டை பெரும்பாலும் குளிர்பதனமின்றியே நகர்கிறது. வெயில் காலத்தில் இரண்டு வாரம் வைத்திருப்பதே ஆபத்து. எனவே விலை குறைந்தாலும் முட்டை வெளியேறியாக வேண்டும், விலை கூடினாலும் நாளைக்கே கூடுதலாக ஒரு முட்டையும் வராது.

ஏன் வராது என்பதற்குக் காலக்கணக்கு உண்டு. இன்று பொரித்த குஞ்சு 18 முதல் 20 வாரம் கழித்தே முட்டையிடத் தொடங்கும். முதலில் வருவது சிறிய முட்டை. புல்லட் முட்டை என்று அதற்குச் சந்தையில் தனி விலை, அதுவும் குறைந்த விலை. 26 முதல் 30 வாரத்துக்குள் உச்சம்: நூறு கோழிக்கு 95 முட்டைக்கும் மேல். பிறகு மெல்லக் குறையும். முன்பு 72 வாரத்தில் கோழியை இறைச்சிக்கு விற்றுவிடுவார்கள். இன்றைய இனங்களை 80 வாரம் தாண்டியும் வைத்திருக்கிறார்கள். விலை நன்றாக இருந்தால் இன்னும் சில வாரம் இழுப்பார்கள். ஆக, ஒரு பேட்ச் குஞ்சு இறக்குவது என்பது ஒன்றரை ஆண்டுக்கும் மேலான முடிவு. டிசம்பரில் பாரிவாக்கம் கடைக்கு வரும் முட்டையின் எண்ணிக்கை, அதற்கு முந்தைய கோடையில் எத்தனை குஞ்சு இறக்கப்பட்டது, எத்தனை கிழட்டுக் கோழி விற்கப்பட்டது என்பதிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. டிசம்பர் மாதத்து அறிவிப்பால் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது.

நாமக்கல் மண்டலத்தில் சுமார் 5 கோடிக்கு மேல் முட்டைக்கோழிகள் உள்ளன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முட்டையிடும் சதவீதம் 90-லிருந்து 85 ஆகக் குறைந்தால், ஒரு கோழிகூடச் சாகாமலேயே நாளொன்றுக்கு 25 லட்சம் முட்டை குறைந்துவிடும். ஏப்ரல், மே வெயிலில் இது சாதாரணமாக நடக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனை மையம் வெப்பநிலை, காற்றின் வேகம் ஆகியவற்றோடு கோழிக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடுவதை நாளிதழ்களில் பார்க்கலாம். வெளியூர்க்காரருக்கு வேடிக்கையாகத் தோன்றும் அந்தச் சிறு பெட்டிச் செய்தி, முட்டை விலையைப் பற்றி அதே பக்கத்தில் வரும் விலை அறிவிப்பைவிட அதிகமாகச் சொல்கிறது.

கோழி எண்ணிக்கையே விலையை ஆட்டுவிக்கிறது என்பதற்கு அண்மைக் காலத்தின் பெரிய சான்று அமெரிக்கா. 2022-இல் பறவைக் காய்ச்சலால் அங்கே 4 கோடிக்கும் மேற்பட்ட முட்டைக்கோழிகள் அழிக்கப்பட்டன. ஓரளவு மீண்ட பின், 2024 இறுதியில் நோய் மறுபடி தாக்கியது. வழக்கமாக 32 கோடியை ஒட்டியிருந்த முட்டைக்கோழிகளின் எண்ணிக்கை 2025 தொடக்கத்தில் 30 கோடிக்குக் கீழே போனது. குறைந்தது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒரு டஜன் முட்டையின் சராசரிக் கடை விலையோ, 2023 ஆகஸ்டில் 2 டாலரை ஒட்டி இருந்தது, 2025 மார்ச்சில் 6.23 டாலர் ஆனது. முட்டை அன்றாடப் பண்டம்; கொஞ்சம் விலை கூடினால் யாரும் விட்டுவிடுவதில்லை, கொஞ்சம் குறைந்தால் இரண்டு மடங்கு தின்பதும் இல்லை. அதனால் வரத்தில் ஏற்படும் சிறு குறைவு விலையில் பெரும் ஏற்றமாகவும், சிறு மிகுதி பெரும் வீழ்ச்சியாகவும் வெளிப்படுகிறது.

அமெரிக்காவிலும் உற்பத்தியாளர் கூட்டுச்சதி நடந்திருக்கிறதே என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். நடந்தது உண்மைதான். கிராஃப்ட், கெல்லாக், ஜெனரல் மில்ஸ், நெஸ்லே ஆகிய உணவு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், கால்-மெயின், ரோஸ் ஏக்கர் ஆகிய பெரும் முட்டை நிறுவனங்களும் இரண்டு உற்பத்தியாளர் அமைப்புகளும் கூடி வரத்தைக் குறைத்தன என்று 2023 நவம்பரில் இல்லினாய் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி தீர்ப்பளித்தது. இழப்பீடு 1.77 கோடி டாலர். சட்டப்படி அது மும்மடங்காகும். ஆனால் அந்த வழக்கு காட்டிய சதி எது என்று பார்க்க வேண்டும். கூண்டில் கோழி எண்ணிக்கையைக் குறைத்தது, கோழிகளை முன்கூட்டியே கழித்தது, நட்டத்துக்கு ஏற்றுமதி செய்து உள்நாட்டு வரத்தைச் சுருக்கியது என்பவையே குற்றச்சாட்டுகள். விலையை அறிவித்ததற்காக அவர்கள் தண்டிக்கப்படவில்லை. கோழியைக் குறைக்காமல் முட்டை விலையை நீண்டகாலம் ஏற்றிவைக்க முடியாது என்பது அந்தச் சதிகாரர்களுக்கே தெரிந்திருந்தது.

நாமக்கல்லில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணைகள். பத்தாயிரம் கோழி வைத்திருப்பவரும் உண்டு, பல லட்சம் வைத்திருப்பவரும் உண்டு. இவர்களுக்குள் குஞ்சு இறக்குவதில் ஒதுக்கீடு கிடையாது. விலை ஏறியதும் ஒவ்வொருவரும் அடுத்தவரைவிட ஒரு பேட்ச் அதிகம் இறக்கவே பார்க்கிறார்கள். ஐந்தாறு மாதம் கழித்து எல்லாருடைய கோழியும் ஒரே சமயத்தில் முட்டையிட, விலை சரிகிறது. சரிந்ததும் குஞ்சு வாங்குவதை நிறுத்துகிறார்கள், கோழியை முன்கூட்டியே விற்கிறார்கள். மறுபடி தட்டுப்பாடு. இப்படி ஏறி இறங்கும் விலையை ஒரு கூட்டுச்சதியின் கைவேலை என்று சொன்னால், உலகிலேயே திறமையற்ற சதிகாரர்கள் நாமக்கல்லில்தான் இருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டிவரும்.

சென்னைச் சந்தையில் நாமக்கல்லுக்குத் தனிக்காட்டு ராஜ்ஜியமும் இல்லை. பாரிவாக்கத்தின் இடத்தைப் படத்தில் பார்த்தாலே இது புரியும். தெற்கே பூந்தமல்லியில் பெங்களூர் நெடுஞ்சாலை. வடக்கே ஆவடியில் திருவள்ளூர் வழியாகத் திருப்பதி போகும் சாலை. இரண்டையும் இணைக்கும் சாலையில் இந்த ஊர் இருக்கிறது. நாமக்கல் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தொலைவில், ஆந்திரத்தின் சித்தூரோ அதில் பாதித் தொலைவுக்கும் குறைவில். நாட்டின் முட்டை உற்பத்தியில் ஆந்திரம் முதலிடம், தமிழ்நாடு இரண்டாமிடம், தெலங்கானா மூன்றாமிடம். மத்திய கால்நடைத் துறையின் 2023–24 கணக்குப்படி நாடு முழுவதும் 14,277 கோடி முட்டை. அதில் ஆந்திரத்தின் பங்கு 17.85 விழுக்காடு, தமிழ்நாட்டின் பங்கு 15.64, தெலங்கானாவின் பங்கு 12.88. நாமக்கல் விலை நியாயமின்றி ஏறினால் ஆந்திர முட்டை சென்னைக்குள் இறங்க ஒரு இரவு போதும். அதனால்தான் மண்டல விலைகள் ஒன்றையொன்று விடாமல் பின்தொடர்கின்றன.

அறிவிப்பு விலை அப்படியே பண்ணையாளர் பைக்குள் போகிறது என்பது அடுத்த தவறு. நாமக்கல்லில் நீண்டகாலமாக ஒலிக்கும் சொல் மைனஸ். அறிவிப்பு விலையிலிருந்து இத்தனை காசு கழித்துத்தான் எடுப்பேன் என்று வியாபாரி சொல்வது மைனஸ் விலை. அறிவிப்பு 5 ரூபாய், மைனஸ் 40 காசு என்றால் பண்ணையாளர் பெறுவது 4 ரூபாய் 60 காசு. நாளிதழ் படிப்பவருக்குத் தெரிவது 5 ரூபாய் மட்டும். மைனஸ் கூடாது என்று பண்ணையாளர் அமைப்புகள் தீர்மானம் போடுவதும், முட்டை தேங்கும்போது அது வேறு வழியில் திரும்பி வருவதும் பழகிப்போனவை. விலை ஏறுமுகத்தில் மைனஸ் சுருங்கும், இறங்குமுகத்தில் விரியும். அதாவது அறிவிப்பு விலை காட்டுவதைவிடப் பண்ணையாளரின் உண்மையான விலை இன்னும் ஆழமாக வீழ்கிறது. அறிவிப்பு விலையைக் கொண்டு பண்ணையாளரின் லாபத்தைக் கணக்கிடும் எந்த வாதமும் இந்த இடத்திலேயே நொண்டியடிக்கிறது.

செலவுப் பக்கம் பார்த்தால், முட்டைச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கு தீவனம். ஒரு கோழி நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தின்னும். கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் தீவனச் செலவு 3 ரூபாய் 30 காசு. எல்லாக் கோழியும் தினமும் முட்டையிடுவதில்லை. 85 விழுக்காடு என்று வைத்தால் ஒரு முட்டைக்கு 3 ரூபாய் 88 காசு தீவனத்துக்கே போய்விடும். குஞ்சு வாங்கி முட்டையிடும்வரை வளர்த்த செலவு, தடுப்பூசி, கூலி, மின்சாரம், கடன் வட்டி எல்லாம் இதற்கு மேல். தீவனம் கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினால் முட்டைக்கு 13 காசு ஏறும். தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம், அடுத்த பெரிய பங்கு சோயாப் புண்ணாக்கு. கிளிஞ்சல், மருந்துகள் போன்றவை எஞ்சியவை. மக்காச்சோளமோ சோயாவோ பெருமளவில் நாமக்கல்லில் விளைவதில்லை. கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வர வேண்டும்.

இந்த இரண்டு பொருளின் விலையை நாமக்கல் குழு ஏற்றவில்லை. 2021-இல் சோயாப் புண்ணாக்கு விலை கட்டுக்கடங்காமல் போனபோது, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய ஆகஸ்டில் மத்திய அரசே அனுமதிக்க நேர்ந்தது. பிறகு மக்காச்சோளத்தின் முறை. பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்குக் கரும்பு போதாதென்று மக்காச்சோளம் ஊக்குவிக்கப்பட்டது. ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்யும் நாடானது. உழவருக்கு அது நல்ல விலையைத் தந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. 2025–26-க்கு அரசு அறிவித்த ஆதரவு விலையே குவிண்டால் 2,400 ரூபாய். ஆனால் அதன் ஒரு பகுதியை முட்டை வாங்குபவர் செலுத்துகிறார் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. எத்தனால் கொள்கை பற்றி விவாதிக்க வேண்டிய இடத்தில் நாமக்கல் பண்ணையாளரைத் திட்டுவது சோம்பேறித்தனம்.

பண்ணை விலை குறைந்தாலும் கடையில் குறைவதில்லை என்பது மக்கள் சொல்லும் குறை. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் காரணம் வேறு. பாரிவாக்கம் சந்திப்பை ஒட்டிய ஒரு மளிகைக் கடையின் காலை நேரத்தை எடுத்துக்கொள்ளலாம். சிறு வேனில் வரும் விநியோகஸ்தர் முப்பது முட்டை கொள்ளும் அட்டைகளை அடுக்கடுக்காக இறக்குகிறார். கடைக்காரர் மேல் அட்டையைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்; ஈரம் இருந்தால் உள்ளே உடைசல். கீறல் விழுந்தவற்றை எடுத்துத் தனியே வைக்கிறார். அவை பக்கத்துத் தள்ளுவண்டிக்குக் குறைந்த விலையில் போகும். வாங்கிய விலையில் பத்துக் காசு, இருபது காசு கணக்கு உண்டு. விற்கும் விலையில் அது கிடையாது. 25 காசு நாணயம் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. 50 காசு செல்லும் என்றாலும் வாங்குவாரில்லை. ஒற்றை முட்டை 6 ரூபாய்க்கோ 7 ரூபாய்க்கோதான் விற்க முடியும். பண்ணையில் 5 காசு, 10 காசாக ஏறும் விலை கடையில் பல நாள் அசையாது, பிறகு ஒரே நாளில் ஒரு ரூபாய் குதிக்கும். இறங்கும்போதும் அப்படித்தான், ஆனால் இறக்குவதற்குக் கடைக்காரருக்கு அவசரம் இல்லை. அட்டையாக வாங்குபவருக்கு விலை மாற்றம் சீக்கிரம் எட்டும். தினமும் இரண்டு முட்டை வாங்கும் கூலித் தொழிலாளிக்குக் கடைசியில்தான் எட்டும். இதுதான் உண்மையான அநீதி. ஆனால் இது நாமக்கல்லில் நடப்பதில்லை.

பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புரட்டாசியில் தமிழ்நாட்டில் விற்பனை படுக்கிறது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் விலகுகிறார்கள். நாமக்கல்லின் பெரிய வாடிக்கையான கேரளத்திலும் அது தெரியும். ஆனால் அதே மாதங்களில் வட மாநிலக் குளிரும் கிறிஸ்துமஸ் கேக்கும் தேவையை ஏற்றிவிடுகின்றன. மே மாதம் பள்ளி விடுமுறை. சத்துணவுக்கான கொள்முதல் நிற்கிறது. எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய அந்தத் திட்டத்தில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, 2010-இல் வாரம் ஐந்து முட்டை என்றானது. தமிழ்நாட்டு முட்டைச் சந்தைக்கு நிலையான தளம் போட்ட செயல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். குழந்தையும் தின்றது, பண்ணையும் பிழைத்தது.

ஏற்றுமதிதான் விலையை ஏற்றுகிறது என்பாரும் உளர். 2025 ஜூனில் நாமக்கல்லிலிருந்து அமெரிக்காவுக்கு 1 கோடி முட்டை போனதைப் பெரும் செய்தியாக்கினார்கள். ஒரு நாள் உற்பத்தியில் கால் பங்குக்கும் குறைவு. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, நுகர்வோரின் சந்தேகத்தில் எஞ்சும் நியாயம் ஒன்று உண்டு. 2025 இறுதியில் நாமக்கல் விலை 6 ரூபாயைத் தாண்டியபோது, மண்டலத்தில் அன்று எத்தனை கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது என்று பொதுமக்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஆறு மாதம் முன்பு எத்தனை குஞ்சு இறக்கப்பட்டது என்ற கணக்கும் வெளியே இல்லை. தினமும் விலை வெளிவருகிறது, அந்த விலையை உண்டாக்கும் எண்ணிக்கை வெளிவருவதில்லை. கணக்கு இல்லாத இடத்தில் சந்தேகம் முளைப்பது இயல்பு.

இருக்கும் கணக்குகள் இந்த வேலைக்கு ஆகாதவை. கால்நடைக் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. 2019-இல் நடந்த இருபதாவது கணக்கெடுப்பில் கோழியினத்தில் தமிழ்நாடு முதலிடம், 12.08 கோடி. எண் பெரிது, பயன் சிறிது. பாரிவாக்கம் தெருவில் குப்பையைக் கிளறும் நாட்டுக்கோழியும், பல்லடத்தில் ஆறு வாரத்தில் கறிக்குப் போகும் பிராய்லரும், நாமக்கல் கூண்டில் ஓராண்டுக்கு மேல் முட்டையிடும் கோழியும் அந்த ஒரே மொத்தத்தில் அடங்கிவிடுகின்றன. எண்ணப்பட்ட பிராய்லர் அத்தனையும் அறிக்கை அச்சேறும் முன்பே குழம்பாகியிருக்கும். இருபத்தோராவது கணக்கெடுப்பு 2024 அக்டோபர் 25 அன்று தொடங்கப்பட்டது. அதுவும் இதே வகைதான். ஆண்டுதோறும் வரும் உற்பத்தி மதிப்பீடு கோடை, மழை, குளிர் என்று பருவவாரியாக மாதிரி எடுத்துச் செய்யப்படுவது. மாநிலங்களை ஒப்பிட அது நல்ல கருவி. அடுத்த மாத விலையை ஊகிக்க உதவாது.

அமெரிக்க வேளாண்துறை மாதந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. முட்டையிடும் கோழி எத்தனை, நூறு கோழிக்கு எத்தனை முட்டை, அடைகாப்பானில் எத்தனை முட்டை, பொரித்த குஞ்சு எத்தனை என்பவை அதில் இருக்கும். பறவைக் காய்ச்சல் காலத்தில் அங்கேயும் விலை மும்மடங்காகி மக்கள் கொதித்தார்கள். நீதித்துறை விசாரணையும் தொடங்கியது. ஆனால் விவாதம் கணக்கின் மேல் நடந்தது. கோழி இத்தனை விழுக்காடு குறைந்ததற்கு விலை இத்தனை ஏறியது நியாயமா என்று கேட்க முடிந்தது. இங்கே அந்தக் கேள்வியையே கேட்க முடியாது.

நாமக்கல்லில் இந்தக் கணக்கை எடுப்பது கடினமும் அல்ல. ஆயிரம் பண்ணைகளில் ஏறி இறங்க வேண்டியதில்லை. இந்தியாவின் முட்டைக் குஞ்சுச் சந்தையில் பெரும்பங்கு பி.வி. 300 இனத்துக்குரியது, அமெரிக்க பாப்காக் இனத்திலிருந்து வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் உருவாக்கியது அது. குஞ்சு பொரிக்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஒவ்வொரு குஞ்சும் பில் போட்டு விற்கப்படுகிறது. ஐந்து மாதம் கழித்து எத்தனை கோழி முட்டையிட வரும் என்பது அந்த நிறுவனங்களுக்கு இன்றே தெரியும். பெரும் பண்ணையாளருக்கு ஓரளவு தெரியும். பத்தாயிரம் கோழிக்காரருக்குத் தெரியாது, பாரிவாக்கம் கடைக்காரருக்கும் தெரியாது. சந்தேகப்பட வேண்டுமென்றால் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்: தினமும் ஊரறிய அறிவிக்கப்படும் விலையில் ஒளிவு இல்லை, அறிவிக்கப்படாத குஞ்சுக் கணக்கில் இருக்கிறது.

எனவே விலைக் குழுவைக் கலைக்கச் சொல்லும் கோரிக்கையால் நுகர்வோருக்கு எதுவும் கிடைக்காது. குழு போனால் விலை சொல்லும் உரிமை 1982-க்கு முன்பு இருந்த இடத்துக்கே, மொத்த வியாபாரியிடமே திரும்பும். தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை செய்ய வேண்டியது வேறு. மாநிலத்தில் முட்டைக் குஞ்சு விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் மாதம் எத்தனை குஞ்சு விற்றது என்று தெரிவிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். இறைச்சிக்கு விற்ற வயதான கோழிகளின் எண்ணிக்கையையும், மைனஸ் போக உண்மையில் கைமாறிய பண்ணை விலையையும் அதோடு சேர்த்து ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வெளியிட வேண்டும். பெயர்கள் வேண்டாம், மண்டல மொத்தம் போதும். முட்டை விலை ஏறும்போது குரல் கொடுக்கும் நுகர்வோர் அமைப்புகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் அடுத்த முறை கேட்க வேண்டிய கோரிக்கை இது ஒன்றே.